நாம் காட்டிய குறுக்கு வழி

 

ஷவ்வால் மாதம் பிறந்ததும் எமது நிஸ்வான் மதரஸாவின் அலுவலக அறையில் புதிய சேர்க்கைக்கான பதிவேட்டைத் திறந்து வைப்போம். பத்தாம் வகுப்பை முடித்த மகளை அழைத்துக்கொண்டு வரும் தாய்மார்கள் கட்டணம், விடுதி, விடுமுறை நாட்கள் ஆகியவற்றை விசாரித்து முடித்தபின் ஏறத்தாழ அனைவருமே ஒரு கேள்வியைக் கேட்பார்கள். "ஓதிக்கொண்டே ஒரு டிகிரியும் வாங்கிவிடலாம்தானே, உஸ்தாதா?"

பல ஆண்டுகளாக நாம் அதற்கு ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தோம். "தாராளமாக வாங்கலாம். பிளஸ் டூ கூடத் தேவையில்லை. பதினெட்டு வயது நிறைந்ததும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஓர் அடிப்படைப் படிப்பை முடித்துவிட்டால் நேரே பி.ஏ. சேர்ந்துவிடலாம். ஐந்தாண்டு முடிந்து வெளியே வரும்போது உங்கள் மகள் ஆலிமாவாகவும் இருப்பாள், பட்டதாரியாகவும் இருப்பாள்." இதைக் கேட்டதும் தாய்மார்களின் முகம் மலரும். எமக்கும் உள்ளூர ஒரு பெருமிதம் எழும். தீனையும் துன்யாவையும் ஒரே கூரையின்கீழ்க் கொடுத்துவிட்டோம் என்ற பெருமிதம்.

அந்தப் பதில் ஒரு மாணவியின் ஐந்து ஆண்டுகளை எடுத்துக்கொண்டது. அதைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். அவளிடம் அனுமதி பெற்ற பின்னரே எழுதுகிறோம். பெயரை மட்டும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

எமது ஊர் நெல்லைச் சீமையில் பீடித் தொழிலை நம்பி வாழும் ஊர். பீடித் தட்டு இல்லாத வீட்டை எம் தெருவில் எண்ணிவிடலாம். அந்த மாணவியின் உம்மாவும் ஃபஜ்ர் தொழுகைக்குப் பின் தட்டை மடியில் வைத்தால் இரவு உணவுக்கு உலை வைக்கும்வரை இலை வெட்டுவதும் சுற்றுவதுமாகவே இருப்பவர். வாப்பா ஜவுளிக்கடை ஒன்றில் சிப்பந்தி. 2013இல் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்த மகளை எம்மிடம் கொண்டுவந்து சேர்த்தார்கள். மேல்நிலைப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். மதரஸாவோ இரண்டு தெரு தள்ளி. அவர்கள் தயங்கினார்கள் என்பதை இப்போது நினைவுகூர்கிறோம். "பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு ஓத அனுப்பலாமா?" என்று அவளுடைய வாப்பா இருமுறை கேட்டார். மேலே எழுதிய பதிலை அன்று அவருக்கும் சொன்னோம்.

அவள் ஓதுவதில் கெட்டிக்காரி. நஹ்வும் ஸர்ஃபும் பிற பிள்ளைகளுக்குக் கசக்கும் காலத்தில் அவள் இஃராபை விளையாட்டாகச் சொல்வாள். ஆனால் அவளுடைய மனம் முழுவதுமாக ஒட்டிக்கொண்டது ஃபராயிழ் பாடத்தில். பாகப்பிரிவினைக் கணக்கு என்றால் வகுப்பில் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள். அவளோ கரும்பலகைக்கு எழுந்து வருவாள். ஒருநாள் நாம் ஒரு கணக்கைக் கொடுத்தோம். ஒருவர் மரணிக்கிறார், மனைவி முன்பே காலமாகிவிட்டார், பெற்றோரும் இல்லை, வாரிசுகள் மூன்று ஆண் மக்கள், ஒரு பெண். அவள் தயங்காமல் எழுதினாள். சொத்து ஏழு பங்கு, ஆண்மக்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. எழுதிவிட்டு இடத்துக்குத் திரும்பாமல் அங்கேயே நின்றாள். பின்பு மெதுவாக, "உஸ்தாதா, இது எங்கள் உம்மாவின் கணக்கு. அந்த ஒன்று இன்னும் வரவில்லை" என்றாள்.

அவளுடைய உம்மாவின் வாப்பா விட்டுச் சென்ற வீடும் சிறிது வயலும் மூன்று மாமாக்களின் கைக்குப் போய்விட்டன. "கல்யாணத்துக்கு நகை போட்டோமே, அதுதான் உன் பங்கு" என்பது மாமாக்களின் பேச்சு. நிக்காஹ்வின்போது கொடுத்த அன்பளிப்பு வேறு, வாரிசுரிமை வேறு என்பது ஃபராயிழின் முதல் நாளிலேயே ஓதிக்கொடுக்கும் செய்தி. எம் தெருவில் இதைச் சொல்லாத ஆலிம் இல்லை, இதைக் கேட்டுத் தலையசைக்காத ஆண்மகனும் இல்லை. ஆயினும் பெண்களுக்கு அந்த ஒரு பங்கு வந்துசேர்ந்த வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். ஆணுக்கு இரண்டு பங்கு என்பதை மட்டும் ஊரில் எவரும் மறப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

"அல்லாஹ் கொடுத்த பங்கைக் கேட்டு வாங்க யாரிடம் போவது?" என்று அன்று அவள் கேட்டாள். ஜமாஅத்தில் முறையிடலாம் என்றோம். முறையிட்டார்கள், பேசினார்கள், மாமாக்கள் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். அதற்குமேல் நீதிமன்றம்தான். 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் இந்திய முஸ்லிம்களின் வாரிசுரிமையை மார்க்கச் சட்டத்தின்படியே தீர்க்க வேண்டும் என்கிறது. அதில் விலக்கி வைக்கப்பட்டிருந்த விவசாய நிலத்தையும் 1949இல் சென்னை மாகாணத் திருத்தம் உள்ளே கொண்டுவந்தது. அதாவது வீட்டில் மட்டுமன்றி வயலிலும் அந்த ஏழில் ஒன்று அவளுடைய உம்மாவுக்குச் சட்டப்படியே உரியது. இதை எமக்குச் சொன்னது அவள்தான். நூலகத்திலிருந்து ஒரு பழைய சட்டப் புத்தகத்தை எடுத்துவந்து, ஃபிக்ஹ் கிதாபையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். வழக்கறிஞராக வேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு வந்தது அப்போதுதான். ஃபராயிழ் ஓதிய ஒரு பெண் நீதிமன்றத்துக்கும் போகத் தெரிந்தவளாக இருந்தால் எம் தெருப் பெண்களுக்கு எவ்வளவு பெரிய துணை என்று நாமும் மகிழ்ந்தோம்.

2018இல் ஆலிமா ஸனது பெற்றாள். அதற்குமுன்பே நாம் காட்டிய வழியில் அடிப்படைப் படிப்பை முடித்து, பி.ஏ. வரலாறும் சேர்ந்திருந்தாள். 2019இல் அந்தப் பட்டமும் வந்தது. எமது மதரஸாவிலேயே கீழ் வகுப்புகளுக்கு ஓதிக்கொடுக்கும் வேலையில் அமர்ந்தாள். இடையில் கொரோனா வந்தது, வாப்பாவின் வேலை போனது, திரும்பி வந்தது. சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்து 2022இல் மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கு விண்ணப்பித்தாள்.

விண்ணப்பத்தை நிரப்பிய அந்த மாலையை நாம் மறக்க இயலாது. அஸருக்குப் பின் எமது அலுவலகக் கணினியில் அமர்ந்து நிரப்பினோம். முஸ்லிம் பெண்களின் பெயர் ஒவ்வோர் ஆவணத்திலும் ஒவ்வொரு விதமாக இருப்பது எமக்குப் பழகிப்போன துன்பம். மாற்றுச் சான்றிதழில் 'பாத்திமா', ஆதாரில் 'ஃபாத்திமா', பட்டச் சான்றிதழில் 'பீவி' விடுபட்டிருக்கும். அதற்கே இரண்டு வாரம் அலைந்து சரிசெய்திருந்தோம். சாதிச் சான்றிதழையும் புதிதாக வாங்கியிருந்தோம். தமிழ்நாட்டில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு இருக்கிறது. லெப்பை, மாப்பிள்ளை, தக்னி, ஷேக், சையது, அன்சார், தூதேகுலா எனப் பட்டியலிலுள்ள பிரிவு சான்றிதழில் எழுதப்பட்டிருந்தால்தான் அது கிட்டும். வெறுமனே 'முஸ்லிம்' என்று எழுதிய சான்றிதழை வைத்துக்கொண்டு ஏமாந்த குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். எனவே இவற்றிலெல்லாம் எமக்கு விழிப்பு இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைப் பதிவேற்ற வேண்டிய கட்டம் வந்தபோது மட்டும் அவள் நிமிர்ந்து எம்மைப் பார்த்தாள். "அடிப்படைப் படிப்பின் சான்றிதழை அங்கே வை, அதற்கு ஈடானதுதானே" என்று கூறினோம். கேட்டுப் பார்க்கவில்லை. கூறினோம்.

சான்றிதழ் சரிபார்ப்புக்கு நாமும் உடன் சென்றோம். சரிபார்த்தவர் நிதானமானவர். தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டியவர், "அம்மா, பிளஸ் டூ எங்கே?" என்று கேட்டார். விளக்கினோம். அவர் ஒரு விதிப் புத்தகத்தைத் திருப்பி வைத்து விரலால் தொட்டுக் காட்டினார். இந்திய பார் கவுன்சில் 2008இல் வகுத்த சட்டக் கல்வி விதிகளின் ஐந்தாம் விதிக்குரிய விளக்கம் அது. அடிப்படைத் தகுதி எதுவுமின்றி நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் வழியாகப் பன்னிரண்டாம் வகுப்போ பட்டமோ பெற்றவர்கள் சட்டப் படிப்பில் சேரத் தகுதியற்றவர்கள் என்பது அதன் பொருள். தொலைநிலையில் பெற்ற பட்டம் குற்றமன்று. பத்து, பன்னிரண்டு, பின்பு பட்டம் என்ற வரிசை முறிந்திருப்பதுதான் குற்றம். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு எழுதினால் இந்தப் பட்டம் செல்லுமா என்று கேட்டோம். படியின் வரிசை முக்கியம் என்பதால் முன்பு வாங்கிய பட்டத்தை அது காப்பாற்றாது என்றார். அவர்மீது எமக்கு யாதொரு குறையும் இல்லை. இந்த விதி நாம் அவளைப் பி.ஏ.வில் சேர்த்துவிடுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அச்சில் இருந்தது.

திரும்பும் பேருந்தில் அவள் எதுவும் பேசவில்லை. சன்னலோரம் அமர்ந்து கோப்பை மடியில் வைத்திருந்தாள். வீட்டு வாசலில் அவளுடைய உம்மா தட்டை மடியிலிருந்து இறக்காமலேயே முகத்தைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும், "அப்படியானால் அந்த டிகிரிக்கு நாங்கள் கட்டிய பணம்?" என்று கேட்டார். அவர் கேட்டது பணத்தைத்தான். ஆயிரம் பீடிக்கு என்ன கூலி என்று அறிந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் புரியும். "உஸ்தாதா சொன்னதால்தானே சேர்த்தோம்" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எமக்கு அன்றிரவு சற்று உறக்கம் வந்திருக்கக்கூடும்.

எம்மைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். நாம் இஸ்லாமியவியலில் பட்டயம் பெற்றவர். அதற்குமேல் படிக்கவில்லை. கல்லூரிச் சேர்க்கை, தகுதி விதிகள், பல்கலைக்கழக அங்கீகாரம் இவற்றில் எமக்கிருந்த அறிவு, பிற மதரஸா ஆசிரியைகள் சொல்லக் கேட்டதும் சுவரொட்டிகளில் படித்ததும்தான். தொழுகையில் ஒரு மஸ்அலா தெரியாவிட்டால் "தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்று கூறப் பழகியிருக்கிறோம். எம் ஆசிரியைகள் அதை அடித்துப் பழக்கினார்கள். ஒரு பெண்ணின் எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டபோது அந்தப் பழக்கம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அல்லாஹ் எம்மை மன்னிப்பானாக.

விண்ணப்பிப்பதற்கு முந்தைய இரவு அவள் இஸ்திகாரா தொழுதிருந்தாள். நாம்தான் தொழச் சொன்னோம். நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்கு எல்லாக் காரியங்களிலும் அந்தத் தொழுகையையும் துஆவையும் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் இஸ்திகாராவுக்குத் துணையாக இஸ்திஷாரா என்று ஒன்று இருக்கிறது. அறிந்தவரிடம் ஆலோசனை கேட்பது. எம் சமுதாயத்தில் முன்னதற்குக் கிடைத்த இடம் பின்னதற்குக் கிடைக்கவில்லை. பத்து ரூபாய்க் காய்கறியை நான்கு கடையில் விலை கேட்டு வாங்கும் நாம், மூன்றாண்டுப் படிப்பை ஒருவரிடமும் கேட்காமல் சேர்த்துவிட்டு, "நஸீபு எப்படியோ" என்கிறோம்.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் வாழ்வை நாம் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்வதுண்டு. ஹிஜ்ரி 150இல் ஃகஸ்ஸாவில் பிறந்து, தந்தையை இழந்து, ஏழைத் தாயால் மக்காவில் வளர்க்கப்பட்டவர்கள். மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் மாணவராகச் சேர விரும்பியபோது, புறப்படுவதற்கு முன்பே அவர்களுடைய முவத்தா நூலைத் தேடிப்பெற்று மனனம் செய்துகொண்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். மக்கா ஆளுநரிடமிருந்து மதீனா ஆளுநருக்கு ஒரு பரிந்துரைக் கடிதமும் பெற்றுக்கொண்டார்களாம். இமாம் மாலிக் அந்தக் கடிதத்தை விரும்பவில்லை, அறிவைத் தேடி வருபவருக்குச் சிபாரிசு எதற்கு என்று கடிந்துகொண்டார்கள் என்றும், பின்பு அந்த இளைஞரின் பேச்சையும் தயாரிப்பையும் கண்டு ஏற்றுக்கொண்டார்கள் என்றும் சொல்லப்படுகிறது. இத்தனை ஆண்டுகளாக நாம் இதை மனன சக்திக்கு உதாரணமாகவே சொல்லிவந்தோம். 2022க்குப் பின் சொல்லும்போது எம் கவனம் வேறோர் இடத்தில் நிற்கிறது. போக வேண்டிய வாசல் எது, அங்கே என்ன கேட்பார்கள் என்பதை அறிந்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி அவர்கள் புறப்பட்டிருக்கிறார்கள். நாம் அவளைப் புறப்பட வைத்துவிட்டு, வாசல் தன்னால் திறக்கும் என்றிருந்தோம்.

ஒரு வாரம் கழித்து அவள் வந்தாள். கையில் ஒரு தாள். அதில் கடைசியிலிருந்து எழுதியிருந்தாள். மேலே, வழக்கறிஞராகப் பதிவு, பின்பு அகில இந்திய பார் தேர்வு. அதற்குக் கீழே, மூன்றாண்டுச் சட்டப் படிப்பு. சட்டத்தைத் தொலைநிலையில் படிக்க இயலாது, நேரில் வருகை வேண்டும். அதற்குக் கீழே ஓர் இளங்கலைப் பட்டம். அதற்கும் கீழே பிளஸ் டூ, பிளஸ் ஒன். அடியில் அவளிடம் உண்மையாகவே இருந்த ஒரே சான்றிதழ், 2013இன் பத்தாம் வகுப்பு. ஒவ்வொரு படிக்கும் எதிரே ஓர் ஆண்டைக் குறித்திருந்தாள். கடைசி ஆண்டு 2030 என்றிருந்தது.

அப்போது அவளுக்கு வயது இருபத்து நான்கு. "முப்பத்திரண்டு ஆகிவிடுமே மகளே" என்றோம். "எப்படியும் ஆகத்தானே போகிறது, உஸ்தாதா" என்றாள்.

அந்தத் தாளின் இரண்டாம் பக்கத்தில் மாற்று வழிகளையும் எழுதியிருந்தாள் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனெனில் பிடிவாதத்தால் மட்டும் அவள் இந்த முடிவுக்கு வரவில்லை. சட்டத்தை விட்டுவிட்டு எம்.ஏ. படிக்கலாமா? பி.எட். படித்து ஆசிரியையாகலாமா? ஒவ்வொன்றிலும் அதே முறிந்த படி குறுக்கே வந்தது. தமிழ்நாட்டு அரசு வேலைவாய்ப்பிலும் பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையே கேட்கப்படுகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டாமல் போக வழியில்லை என்பது அந்தத் தாளில் தெளிவாகத் தெரிந்தது.

அரசுத் தேர்வுத் துறையின் சேவை மையத்தில் தனித்தேர்வராக விண்ணப்பித்தாள். 2023இல் பிளஸ் ஒன், 2024இல் பிளஸ் டூ. வரலாறு, பொருளியல், வணிகவியல், அரசியல் அறிவியல். மொழிப் பாடமாக அரபியை எடுத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருப்பாள். நீதிமன்றத்தில் தமிழில்தான் மனு எழுதப்போகிறேன் என்று தமிழையே எடுத்தாள். வணிகவியல் அவளைப் படாதபாடு படுத்தியது. காலையில் எட்டு வயதுப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்துவிட்டு, லுஹருக்குப் பின் பதினாறு வயதுப் பிள்ளைகளின் பாடநூலை விரித்து அமர்வாள். முதல் தேர்வு நாளன்று தேர்வு மையத்தின் வாயிற்காவலர் அவளைப் பார்த்து, "டீச்சர்மாருக்கு அந்தப் பக்கம் வழி" என்றாராம். இதை அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். அவளுடைய உம்மா சிரிக்கவில்லை.

இடையில் ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம், பையன் சவூதியில். பெண் பட்டதாரி என்று சொல்லியிருந்தார்கள். "பட்டதாரி என்கிறீர்கள், பிளஸ் டூ எழுதிக்கொண்டிருக்கிறாள் என்கிறார்களே" என்று மாப்பிள்ளையின் உம்மா கேட்டனுப்பினார். விளக்கம் சொல்ல நாமே சென்றோம். குற்றம் எம்முடையது, பிள்ளையுடையது அன்று என்று எடுத்துச் சொன்னோம். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். பின்பு செய்தி ஒன்றும் வரவில்லை. சட்டப் படிப்பில் சேர இயலாமற்போனதைவிட அவளுடைய உம்மாவுக்கு இதுதான் ஆழமாகத் தைத்தது. இன்றுவரை அவர் எம்மிடம் முன்புபோல் பேசுவதில்லை. ஸலாமுக்குப் பதில் சொல்வார், தட்டின்மீது குனிந்துகொள்வார்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். வங்கிக் கல்விக்கடனை வட்டிக்கு அஞ்சி அவள் தொடவில்லை. அந்த அச்சத்தை மதிக்கிறோம். ஆனால் வட்டியைத் தொடாதே என்று மேடையில் முழங்கும் நம்மிடம் வட்டியில்லாமல் கொடுக்க என்ன இருக்கிறது என்று கேட்டால் பல மஹல்லாக்களில் பதில் இல்லை. ஒரு வலீமாவின் பிரியாணிச் செலவில் இவளுடைய மூன்றாண்டுத் தொலைநிலைக் கட்டணம் அடங்கிவிடும். பீடித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் நல அமைப்பின் கல்வி உதவித்தொகை இருக்கிறது. பீடித் தொழிலாளர் அடையாள அட்டை வேண்டும். எம் ஊரில் முப்பது ஆண்டுகள் பீடி சுற்றிய பெண்கள் பலரிடம் அந்த அட்டை இல்லை, இடைத்தரகர் வழியாகச் சுற்றிக் கொடுப்பதால். உங்கள் வீட்டில் அட்டை இருந்தால் அதைப் பெட்டியின் அடியில் வைக்காதீர்கள், மகளின் படிப்புக்கு எடுங்கள்.

இந்நிகழ்வுக்குப் பின் எமது பழைய பதிவேடுகளை எடுத்து, நாம் அதே வழியைக் காட்டி அனுப்பிய மாணவிகளை ஒவ்வொருவராகத் தேடினோம். பதினொரு பேர் தேறினார்கள். சிலர் மணமுடித்து வெளிநாட்டில் இருக்கிறார்கள், பட்டச் சான்றிதழை அதன்பின் எடுத்துப் பார்த்ததே இல்லை. ஒருத்தி ஆசிரியைப் பணிக்கு முயன்று பாதியில் நின்றிருக்கிறாள், ஏன் நின்றாள் என்று அதுவரை எமக்குத் தெரியாது. எல்லாரிடமும் தொலைபேசியில் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். சிலர் அழுதார்கள். ஒருத்தி கோபித்தாள், கோபிக்க அவளுக்கு உரிமை உண்டு.

அதே காலத்தில் ஓதிய வேறொரு மாணவி இருக்கிறாள். அவளுடைய வாப்பும்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். "பள்ளிக்கூடத்துச் சீட்டு இல்லாமல் விடமாட்டேன்" என்று ஒரே பிடியாக நின்று, ஓதும்போதே பேத்தியைப் பிளஸ் டூ எழுத வைத்தார். நாம்கூட அப்போது "இரட்டைச் சுமை எதற்கு?" என்று அந்த மூதாட்டியிடம் வாதிட்டோம். அந்தப் பெண் இன்று எம்.ஏ. இஸ்லாமியவியல் முடித்துவிட்டு நெட் தேர்வுக்குத் தயாராகிறாள். அரபுப் பண்பாடும் இஸ்லாமியவியலும் என்று அத்தேர்வில் ஒரு தனிப் பாடமே இருப்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. அதில் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் பெற்றுக்கொண்டு முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யலாம். சிறுபான்மை மாணவர்களுக்கென இருந்த மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையை ஒன்றிய அரசு 2022இல் நிறுத்திவிட்டதால் இப்போது இந்தத் தேர்வே பெரிய வாசல். மதரஸாவில் ஐந்தாண்டு ஓதிய ஒருத்திக்கு அந்தப் பாடத்திட்டத்தில் பாதி ஏற்கெனவே கைவந்ததுதான். ஆனால் அந்த வாசலுக்கும் பொதுவாக முதுகலை வேண்டும், முதுகலைக்குப் பட்டம் வேண்டும், பட்டத்துக்குக் கீழே அந்த மூதாட்டி கேட்ட சீட்டு வேண்டும்.

எம் மாணவிக்கு வருவோம். பிளஸ் டூவில் தேறியபின் மீண்டும் இளங்கலை சேர்ந்தாள். மதரஸாச் சம்பளத்தை விட இயலாததால் இம்முறையும் தொலைநிலைதான், ஆனால் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரப் பட்டியலைத் தானே பார்த்துவிட்டுச் சேர்ந்தாள். வேறு பாடம் எடுக்கலாமே என்றோம். வரலாறு என்றால் பழைய புத்தகங்கள் வீட்டிலேயே இருக்கின்றன, புதிதாக வாங்க வேண்டாம் என்றாள். ஆக, ஒருமுறை படித்துத் தேறிய பட்டத்தை இரண்டாம் முறை படிக்கிறாள். சில பாடங்களில் அவள் முன்பு பென்சிலால் அடிக்கோடிட்ட வரிகள் அப்படியே இருக்கின்றன.

எமது சேர்க்கைப் பதிவேட்டிலும் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். பத்தாம் வகுப்பு முடித்துச் சேரும் ஒவ்வொரு பிள்ளையும் ஆலிமா படிப்போடு பிளஸ் டூவையும் எழுதியே ஆக வேண்டும். நிர்வாகக் குழுவில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. "ஓத வந்த பிள்ளையின் கவனம் சிதறும்" என்றார்கள். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஹிஃப்ழ் பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்துச் சுமப்பது உண்மையிலேயே கடினம், அவர்களுக்கு ஓராண்டு தள்ளிவைக்க ஒப்புக்கொண்டோம். மற்றவற்றில் விட்டுக்கொடுக்கவில்லை. பதிவேட்டில் 'இப்பிள்ளை பின்னர் என்ன படிக்க விரும்புகிறாள்' என்று ஒரு கட்டமும் சேர்த்திருக்கிறோம். முதல் ஆண்டில் பெரும்பாலானோர் அதை வெறுமையாக விட்டார்கள். சிலர் 'அல்லாஹ் நாடியது' என்று எழுதினார்கள். அதை அழிக்கச் சொல்லவில்லை, பக்கத்தில் இன்னொன்றும் எழுதச் சொன்னோம்.

சென்ற ஷவ்வாலில் ஒரு தாய் வந்து வழக்கமான கேள்வியைக் கேட்டார். ஓதிக்கொண்டே டிகிரி வாங்கலாமா என்று. நாம் வாய் திறப்பதற்குள், அடுத்த மேசையில் வருகைப் பதிவேட்டை நிரப்பிக்கொண்டிருந்த அவள் நிமிர்ந்தாள். "வாங்கலாம் லாத்தா, இப்படி உட்காருங்கள்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, "உங்கள் மகள் கடைசியில் என்னவாக வேண்டும் என்று முதலில் சொல்லுங்கள்" என்று கேட்டு, தாளின் உச்சியிலிருந்து எழுதத் தொடங்கினாள்.